பனி தேசத்து டயரும் பசுந்தாங் சத்யபாமாவும்

ரங்கூனின் பசுந்தாங் பேட்டையில் பள்ளி ஃபெரி ஓட்டும் சத்யபாமாவிடம் மணி கேட்டால் உடனே சொல்லிவிடமாட்டாள். இந்த ஆளுக்கு எதற்கு மணி தெரிய வேண்டும், கையில்தான் ஃபோன் இருக்கிறதே என்று ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பாள். பிறகுதான் பதில் வரும். அதுவும் சரியான மணிதானா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

காய்கறிக்காரி கொசுறாகக் கொத்தமல்லி கொடுத்தால், அடியில் அழுகல் இருக்கிறதா என்று பையைக் கவிழ்த்துப் பார்ப்பாள். மாடியில் குடியிருக்கும் பர்மாக்காரி பண்டிகைக்குப் பலகாரம் கொண்டுவந்தால், தண்ணீர் மோட்டார் விஷயத்தில் அவளுக்கு ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று முடிவு கட்டுவாள். மெக்கானிக் கடையில் வண்டியை விட்டால் ஸ்டூல் போட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். மெக்கானிக் டீ குடிக்கப் போனால் இவளும் எழுந்து பின்னால் போவாள்.

ஆனால் இந்தக் குணம்தான் அவளுக்குச் சோறு போட்டது. பிள்ளைகளை வீட்டு வாசலில் ஏற்றிப் பள்ளிக்கூட வாசலில் இறக்கும் வண்டிக்கு ரங்கூனில் ஃபெரி என்று பெயர். தண்ணீருக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சத்யபாமாவினுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய வேன். ஜப்பான்காரன் அவன் ஊர் வசதிக்கு இடது பக்கம் கதவு வைத்தான்; நம் ஊரில் வண்டிகள் வலது பக்கம் ஓடுகின்றன. ஆக, கதவைத் திறந்தால் பிள்ளைகள் நடுரோட்டில்தான் கால் வைக்க வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் அவள் முதலில் இறங்கி, இரண்டு கைகளையும் விரித்து ரோட்டில் நிற்பாள். பஸ்காரன் ஹாரன் அடித்தால் முறைப்பாள். கடைசிப் பிள்ளை சந்துக்குள் போகும்வரை நகரமாட்டாள்.

ஒருநாள் ஒரு பிள்ளையின் அப்பா மொட்டை அடித்துக்கொண்டு வந்து மகளைக் கேட்டார். அடையாளம் தெரியவில்லை, வீட்டிலிருந்து ஃபோன் வரட்டும் என்று அவரை வெயிலில் நிறுத்திவைத்தாள். அவர் கத்தினார். அவர் மனைவியோ அன்று சாயங்காலமே நாலு பேரிடம் சொல்லி, “பிள்ளைய விடறதுன்னா மா சத்யாகிட்ட விடுங்க” என்றாள். பர்மாவில் பெண்களின் பேருக்கு முன்னால் மரியாதைக்குப் போடுவது அந்த ‘மா’. அப்படிச் சேர்ந்தவர்கள்தான் வேனில் இருந்த பிள்ளைகள். சொந்தப் பிள்ளை இல்லாத சத்யபாமாவுக்கு அந்தப் பெற்றோர்களின் நம்பிக்கையை விட்டால் வேறு பிழைப்பும் கிடையாது, வேறு பெருமையும் கிடையாது.

அவள் பிறக்கும்போதே இப்படிப் பிறக்கவில்லை. கட்டின புருஷன் வேலப்பன், துறைமுகத்தில் வேலை, வாரம் ஒருமுறைதான் வரமுடியும் என்று சொல்லிவிட்டு ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கியாக்தானுக்குப் போய்வந்துகொண்டிருந்தான். அவளும் கருவாட்டுக் குழம்பு வைத்துத் தூக்கில் ஊற்றிக் கொடுத்தனுப்பினாள். அந்தக் குழம்பைக் கியாக்தானில் இன்னொருத்தியும் அவள் பெற்ற பிள்ளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள் என்பது வருஷக்கணக்கில் கழித்துத் தெரியவந்தது. கடைசியில் வேலப்பன் அங்கேயே குடியேறிவிட்டான். அவன் செய்ததைக்கூட அவள் ஒருவாறு விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாமல் போனது வேறொன்று. கூடப்பிறந்த தம்பி கோபிகிருஷ்ணனுக்கு அது முதலிலிருந்தே தெரிந்திருந்தது. “உனக்கு வலிக்குமேன்னுதான்க்கா சொல்லல” என்றான். அன்றிலிருந்து அவன் வாயிலிருந்து வரும் எதையும் அவள் அப்படியே காதில் போட்டுக்கொள்வதில்லை.

அந்தக் கோபிகிருஷ்ணன் ஜப்பான் வண்டிகள் வந்திறங்கும் ஒரு யார்டில் வேலை பார்க்கிறான். இந்த வருஷம் பள்ளி திறப்பதற்குச் சில நாட்கள் முன்னால், அக்கா வாசலில் நான்கு சக்கரங்களைக் கொண்டுவந்து இறக்கினான். வேனின் பழைய ரிம்கள் பள்ளத்தில் விழுந்து விழுந்து கோணிப்போய், காலையில் அடித்த காற்று மத்தியானத்துக்கு நிற்பதில்லை. டயர்களும் மொட்டை. இவன் கொண்டுவந்ததோ பளபளவென்று அலுமினிய ரிம், அதில் பட்டன் மேடுகள் கொஞ்சமும் தேயாத டயர்.

சத்யபாமா சக்கரங்களைப் பார்க்கவில்லை. தம்பியின் முகத்தைத்தான் பார்த்தாள்.

“எங்கேர்ந்துடா?”

“பனி கொட்டுற ஊர்லேர்ந்து ஒரு வண்டி வந்துச்சுக்கா. அந்த ஊர்க்காரங்க வண்டிக்கு ரெண்டு செட்டு சக்கரம் வச்சிருப்பாங்க. குளிருக்கு ஒண்ணு, வெயிலுக்கு ஒண்ணு. குளிர் செட்டு டிக்கிக்குள்ளயே கெடந்துச்சு. முதலாளி எடுத்துக்கன்னுட்டார்.”

“சும்மாவா?”

“சும்மாதான்.”

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. சும்மா வருவது எதுவும் சும்மா வருவதில்லை என்பது அவள் கட்சி. கோபிகிருஷ்ணன் குந்தி உட்கார்ந்து டயரைத் தட்டிக் காட்டினான்.

“இந்தா பாருக்கா, ரிம்மு அருமையான ரிம்மு. உன் வண்டிக்கு ஓட்டையெல்லாம் அச்சா பொருந்தும். ஆனா டயரு உனக்கு ஆகாது. இது ஸ்னோ டயர். ஐஸ் மேல ஓடறதுக்குன்னே செஞ்சது. அங்க குளிர்ல சாதா ரப்பர் கல்லாட்டம் ஆயிடும்னு இத மெத்துனு செஞ்சிருக்கான். நம்ம சூட்டுக்கு இது கொழகொழன்னு போயிடும். மழையில பிரேக் புடிச்சா நிக்காது.”

“அப்புறம் எதுக்குடா தூக்கிட்டு வந்தே?”

“ரிம்முக்குத்தான். மழைக்கு ஏத்த டயரு நாலு சொல்லி வச்சிருக்கேன், வந்துடும். அதுவரைக்கும் காஞ்ச ரோட்டுல மெல்ல ஓட்டு. ஸ்கூல் தெறக்கறதுக்குள்ள இந்த டயரக் கழட்டி எங்கிட்டயே குடுத்துடு.”

மற்றதெல்லாம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போயிற்று. ‘எங்கிட்டயே குடுத்துடு’ மட்டும் உள்ளே தங்கிவிட்டது. அதானே பார்த்தேன் என்று அவள் மனசு குதித்தது.

அவன் போன பிறகு கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நான்கு டயர்களையும் ஆராய்ந்தாள். வெடிப்பு இல்லை, ஒட்டு இல்லை. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே வருஷம். ரப்பரில் நகத்தை வைத்தால் புதிதாகச் செய்த அல்வா மாதிரி அமுங்கியது. பட்டன் முழுக்க மெல்லிய கீறல்கள் நெளிநெளியாக, எண்ண முடியாத அளவுக்கு. பக்கவாட்டில் ஒரு மலைப் படம், அதற்குள் ஒரு பூ. அது பனிக்கான குறி என்று தெரியாமல், நிச்சயம் உயர்ந்த சரக்குக்குப் போடும் முத்திரை என்று தீர்மானித்தாள். இவ்வளவு நல்ல டயர் எனக்கு ஆகாதாம், இவனுக்கு மட்டும் ஆகுமாம். இந்த நெளிகோடுகளைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று நினைத்துக் கதை கட்டுகிறான். லத்தா கடைத்தெருவில் கொண்டுபோய் விற்றுவிட்டு, எனக்கு எதையாவது தேய்ந்ததைக் கட்டிவிடப் பார்க்கிறான். யார் தலையில் மிளகாய் அரைக்கிறான்?

இருந்தாலும் அவள் எடுத்தோம் கவிழ்த்தோம் என்று செய்கிற ஆள் இல்லை. தெருமுனைப் பஞ்சர் கடை ஊ சோவிடம் சக்கரங்களை மாட்டச் சொன்னாள். தம்பி சொன்னதை அவரிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் அவரும் அதையே பாடுவார். வாயைப் பிடுங்கிப் பார்ப்போம் என்று, “டயர் எப்படி?” என்று மட்டும் பர்மியில் கேட்டாள்.

ஊ சோ வெற்றிலையைத் துப்பிவிட்டு டயரைத் தடவினார். “நல்ல ஜப்பான் சரக்கு. பட்டன் அப்படியே இருக்கிறதே. கொடுப்பதானால் எனக்குக் கொடு, மா சத்யா. வேறு நாலு போட்டுத் தருகிறேன்.”

அவ்வளவுதான். ஊ சோவுக்கு ஆசை வந்துவிட்டது என்றால் பொருளில் விஷயம் இருக்கிறது. ஊ சோ மழையைப் பற்றி நினைக்கவே இல்லை, அவர் நினைத்தது வாங்கி விற்பதைப் பற்றி என்பது அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை பேரைச் சந்தேகப்பட்டவள் அந்த ஒரு மனிதரை அந்த ஒரு தடவை சந்தேகப்படாமல் விட்டாளே, அதைத்தான் கிரகம் என்பது.

காய்ந்த ரோட்டில் வேன் சத்தமே இல்லாமல் மிதந்தது. அவள் உதட்டோரம் சிரித்துக்கொண்டாள். கோபிகிருஷ்ணன் இரண்டு தடவை ஃபோன் செய்தான், பிறகு பார்க்கலாம் என்றாள். மூன்றாவதாக, சொல்லிவைத்திருந்த மழை டயர்களை ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேரிலேயே வந்து நின்றான். வானம் கறுத்திருந்தது.

“மழை புடிச்சிருச்சுக்கா. சொன்னாக் கேளு. உன் ஒருத்தி வண்டியா அது? பிள்ளைங்க ஏறுற வண்டி.”

“பிள்ளைங்க மேல ரொம்பத்தான் அக்கற. கொண்டாந்ததக் கொண்டு போ.”

“நான் ஏன்க்கா பொய் சொல்லப் போறேன்?”

“அத நீதான் சொல்லணும். உனக்கு சொல்லத் தெரியும், சொல்லாம இருக்கவும் தெரியும்.”

கோபிகிருஷ்ணனுக்கு முகம் செத்துவிட்டது. கொண்டுவந்த டயர்களோடு ஆட்டோவில் ஏறிப் போனான். கையும் களவுமாகப் பிடித்துவிட்டதால்தான் இடத்தைக் காலி செய்கிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

பள்ளி திறந்த வாரமே ஒரு தூறலில் வேன் சிக்னல் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. வண்டியில் பிள்ளைகள் இல்லை. சத்யபாமா நேரே பிரேக் மெக்கானிக்கிடம் போனாள். அவன் நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்த்துவிட்டு, பிரேக்கில் குறையே இல்லை என்றான். குறை இல்லை என்கிற மெக்கானிக்கை அவள் ஆயுளில் பார்த்ததில்லை. குறையை அவனே வைத்துவிட்டு மறைக்கிறானோ என்று தோன்றியது. வேறொரு கடைக்குப் போய் புது பிரேக் கட்டை போட்டுக்கொண்டாள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், தம்பி சொன்னது நினைவுக்கு வந்தது. அதை ஈ ஓட்டுவதுபோல் ஓட்டிவிட்டாள். இப்போது போய்க் கேட்டால் ஜெயித்த மாதிரி சிரிப்பான்.

மறு வாரம், பள்ளி விட்டு வரும்போது கொட்டு கொட்டென்று கொட்டியது. ரோட்டில் கணுக்கால் தண்ணீர். பிள்ளைகள் கண்ணாடியில் மூச்சை ஊதிப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். முன்னால் போன பஸ் திடீரென்று நின்றது. சத்யபாமா பிரேக்கை மிதித்தாள். மிதித்த மிதி சரியான மிதிதான், புதுக் கட்டையும் சரியாகத்தான் பிடித்தது. சக்கரம் நின்றது, வேன் நிற்கவில்லை. சோப்பு நுரையில் கால் வைத்தமாதிரி பக்கவாட்டில் வழுக்கிப்போய், பஸ்ஸின் பின்மூலையில் மோதி நின்றது.

திரும்பிப் பார்த்தாள். எல்லாப் பிள்ளைகளும் அழுதார்கள், ஒருவனைத் தவிர. எட்டு வயசு ஜுல்ஃபிகர் அழாமல், வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்கில் ரத்தம். கையை எடுத்துப் பார்த்தால் உதடு கிழிந்திருந்தது, முன்பல் பாதியைக் காணோம்.

“டீச்சர் திட்டுவாங்களா ஆன்ட்டி? சட்டையெல்லாம் ரத்தம்” என்றான்.

சத்யபாமா அவனை மடியில் போட்டுக்கொண்டு மழையிலேயே அழுதாள். க்ளினிக்கில் உதட்டுக்குத் தையல் போட்டார்கள். பாக்கிப் பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் இல்லை. ஜுல்ஃபிகரின் அம்மா ஹமீதுன்னிசா ஓடிவந்தாள். மகனைத் தூக்கிக்கொண்டு, சத்யபாமாவிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் போனாள்.

மறுநாள் காலை, நசுங்கிய வேன் வாசலில் நின்றது. கோபிகிருஷ்ணன் வந்தான். யார் சொன்னார்களோ தெரியாது. வேனைச் சுற்றி வந்தான், டயரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். சொன்னேனே கேட்டாயா என்று அவன் கேட்பான், கேட்டால் என்ன சொல்லலாம் என்று அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு வேகமாகத் தெருவில் இறங்கினான். போன திசை வீட்டுக்குப் போகிற திசை இல்லை, ஹமீதுன்னிசா வீட்டுப் பக்கம்.

சத்யபாமாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. போட்டுக் கொடுக்கப் போகிறான். எச்சரித்தேன், கேட்கவில்லை, தெரிந்தே பிள்ளைகளை ஏற்றினாள் என்று வீடு வீடாகச் சொல்லப் போகிறான். சொல்வதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது என்பது வேறு அவளைக் குத்தியது. அன்று முழுக்க அவள் வெளியே தலை காட்டவில்லை. என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று யோசித்தாள். பிரேக் பிடிக்கவில்லை எனலாம். பஸ்காரன் மேல் போடலாம். யாருக்குத் தெரியப்போகிறது? பொய்யர்கள் என்று ஊரையே திட்டியவளுக்குப் பொய் என்னமோ சுலபமாகத்தான் வந்தது.

மறுநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஹமீதுன்னிசா வீட்டுக்குப் போனாள். திட்டு வாங்கத் தயாராகப் போனவளுக்கு நாற்காலி கிடைத்தது, டீ கிடைத்தது. அதுவே அவளுக்குச் சரியாகப் படவில்லை.

“அன்னைக்கு உங்ககிட்ட மூஞ்சி குடுத்துப் பேசல. மனசுல வச்சுக்காதீங்க மா சத்யா” என்றாள் ஹமீதுன்னிசா. “உங்க தம்பி வந்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு.”

“என்ன சொன்னான்?”

“ஆகாத டயருன்னு தெரிஞ்சும் உங்ககிட்ட சொல்லாம மாட்டி விட்டேன்னு காலப் புடிக்காத குறையா அழுதாரு. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, அக்கா வண்டிய விட்டுடாதீங்கன்னாரு. கூடப்பிறந்தவளுக்கே இப்படிப் பண்ணுவானா ஒருத்தன்? என் வீட்டுக்காரர் சும்மா விடப்போறதில்ல. யார்டு முதலாளி இவருக்குத் தெரிஞ்சவர்தான். உங்க தம்பிய வேலைய விட்டுத் தூக்கச் சொல்றேன்னு இப்பத்தான் கிளம்பறாரு. நீங்க கவலப்படாதீங்க. ஜுல்ஃபி உங்க வண்டியிலதான் வருவான்.”

உள்ளறையில் அவள் கணவர் சட்டை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. உதடு வீங்கிய ஜுல்ஃபிகர் கதவோரம் நின்று சத்யபாமாவைப் பார்த்துக் கையாட்டினான். டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனால் போதும். வண்டி ஓடும், பிள்ளைகள் தங்குவார்கள், பேர் நிற்கும். தம்பி அதைத்தான் கேட்டிருக்கிறான், தன் பிழைப்பை அவள் காலடியில் வைத்துவிட்டு. இந்தத் தம்பியைத்தானா திருடன் என்று நினைத்தோம் என்று தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

“அவன் பொய் சொல்லியிருக்கான்மா” என்றாள். “எங்கிட்ட சொன்னான். மூணு தடவ சொன்னான். மழைக்கு ஆகாது, பிள்ளைங்க ஏறுற வண்டின்னான். வேற டயரு கொண்டாந்து வாசல்ல நின்னான். நாந்தான் நம்பல.”

ஹமீதுன்னிசா மெல்லச் சிரித்தாள். “தம்பியக் காப்பாத்தப் பாக்கறீங்க.”

“இல்லம்மா.”

“ரத்த பாசம், புரியுது.”

சத்யபாமாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாழ்நாளில் இவ்வளவு சுத்தமான உண்மையை அவள் சொன்னதில்லை, அது போணியாகவில்லை. “ஏற்கெனவே ஒருக்கா சிக்னல்ல வழுக்குச்சு. அப்பவும் அவனக் கேக்கல. கேட்டா அவன் சிரிப்பானேன்னு கேக்கல. உங்க பிள்ள மேல சத்தியமா சொல்றேன்” என்றாள்.

ஹமீதுன்னிசாவின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது.

“அப்ப தெரிஞ்சே ஏத்தினீங்களா?”

“தெரிஞ்சு இல்ல. அவன் சொன்னத நம்பல.”

“எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

அவள் எழுந்து உள்ளே போய்க் கணவரிடம் ஏதோ சொன்னாள். போட்ட சட்டையை அவர் கழற்றவில்லை, ஆனால் கிளம்பவும் இல்லை. திரும்பி வந்து, “நாளையிலேர்ந்து ஜுல்ஃபிய நாங்களே கூட்டிட்டுப் போறோம்” என்றாள். டீ டம்ளரை எடுத்துக்கொண்டாள். சத்யபாமா அதில் ஒரு வாய்கூடக் குடித்திருக்கவில்லை.

அந்த வாரத்துக்குள் விஷயம் பரவி, பாதிக்கு மேல் பெற்றோர் ஒதுங்கிக்கொண்டார்கள். யாரிடமும் அவள் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. இரண்டு வீட்டார் மட்டும், டயரை மாற்றிவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்றார்கள்.

அவள் யார்டுக்குப் போனாள். கோபிகிருஷ்ணன் ஒரு வண்டிக்குக் கீழே படுத்திருந்தான். அக்காவின் காலைப் பார்த்ததும் வெளியே வந்தான்.

“ஏன்டா அப்படிப் போய்ச் சொன்னே?”

“அந்தப் பிள்ளைங்கள விட்டா உனக்கு வேற என்னக்கா இருக்கு?” என்றான், கையைத் துணியில் துடைத்தபடி. “நீ எதுக்கு மாத்திச் சொன்னே? நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு.”

அவளுக்கு அவனை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. அப்படியெல்லாம் அவர்களுக்குப் பழக்கம் இல்லை. “ரெண்டு பிள்ளைங்க இன்னும் வருது. எந்த டயரு போடலாம்னு சொல்லு” என்றாள்.

அவன் வரிசையில் ஒன்றைக் காட்டினான். “இது போடு. தாய்லாந்து டயரு. பழசுதான், ஆனா மழையில நிக்கும்.”

“சரி.”

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. “என்ன சரி?”

“நீ சொன்னாச் சரி.”

“புரட்டிப் பாக்கல?”

“வேணாம்.”

“வெளிய யாரையாச்சும் கேட்டுட்டு வந்தியா? ஊ சோ ஏதாச்சும் சொன்னாரா?”

“யாரையும் கேக்கலடா. உன்ன நம்பறேன்.”

கோபிகிருஷ்ணன் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு அவளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தான், கூட யாராவது வந்திருக்கிறார்களா என்று. அவள் சொன்னதை அவன் நம்பவில்லை. அது அவளுக்கு நன்றாகவே தெரிந்தது.